இணையவழி, கலப்பு முறைக் கற்பித்தலில் ஆசிரியர்களுக்குத் துணைநிற்பது எப்படி? ஒரு நாள் பயிலரங்கைத் தாண்டிய வழிகள் உண்டா?

வேளிமலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். இந்தக் கல்வியாண்டில் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. வரும் பருவத்துக்கான ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்தை எழுதித் தருமாறு முதல்வர் கேட்டிருக்கிறார். இணையவழி, கலப்பு முறைக் கற்பித்தலே அதன் மையமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

இதற்கான தேவையை நான் மறுக்கவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மழைக்காக விடுமுறை அறிவிக்கப்படும் நாள்களின் பாடத்தை எங்காவது ஈடுகட்டியாக வேண்டியிருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களில் சிலர் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு வருவதால் முதல் வகுப்பைத் தவறவிடுகிறார்கள். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தின் பாடங்கள் நீங்கலாக, ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதக் கருத்துருவில் முன்மொழிந்ததும் அனைவரும் அறிந்ததே.

எனக்குள்ள ஐயம் வேறு. இதுவரை நாங்கள் நடத்திய பயிலரங்குகளில் வெளியிலிருந்து வந்த வல்லுநர் காலையிலிருந்து மாலைவரை பல செயலிகளைத் திரையில் காட்டினார், சான்றிதழ் கொடுத்தோம், குழுப்படம் எடுத்தோம், மறுநாள் முதல் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடும் பழைய வழக்கமே தொடர்ந்தது. அப்படியானால் ஆசிரியருக்கு உண்மையில் எந்த இடத்தில், யார், எவ்வளவு காலம் துணைநிற்க வேண்டும்? அதனால் கற்பித்தல் மேம்பட்டதா என்பதை எதைக் கொண்டு அறிவது? நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோதையாற்றுக்கரை எழுதியது:

வேளிமலை ஐயா, பொறியியல் கல்லூரி ஒன்றின் கற்பித்தல் மேம்பாட்டு மையத்தில் பணிபுரிகிறேன். உங்கள் பயிலரங்குகள் பயனளிக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை. பத்துத் துறையினரை ஓர் அரங்கில் உட்கார வைத்தால் அனைவருக்கும் பொதுவாக இருப்பது செயலி மட்டுமே என்பதால் பேச்சும் செயலியைப் பற்றியதாகவே முடிந்துவிடும். எந்தப் பாடப்பகுதியில் மாணவர் ஆண்டுதோறும் தடுக்கி விழுகிறார் என்ற கேள்வி அங்கே எழவே எழாது, ஆனால் அந்தக் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது.

நான் பரிந்துரைப்பது இதுதான். ஓர் ஆசிரியர் தம் பாடத்தின் ஐந்து அலகுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும். அவருடன் அதே துறையைச் சேர்ந்த ஒருவரும் உங்கள் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் உட்கார்ந்து அந்த அலகை மட்டும் மாற்றியமைக்கட்டும். உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நம் ரொக்க ஏடு காட்டும் இருப்பையும் வங்கி காட்டும் இருப்பையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் மாணவர்கள் குழம்புவது எங்கே? ரொக்க ஏட்டின் இருப்பிலிருந்து தொடங்கும்போது, நாம் வழங்கியும் இன்னும் வங்கியில் முன்னிலைப்படுத்தப்படாத காசோலையைக் கூட்ட வேண்டும், வசூலுக்குச் செலுத்தியும் இன்னும் வரவு வைக்கப்படாத காசோலையைக் கழிக்க வேண்டும். மேல்வரைப் பற்றிலிருந்து (இருப்புக்கு மேல் வங்கியிலிருந்து எடுத்த தொகை) தொடங்கினால் இரண்டும் தலைகீழாகிவிடும். விதியை மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் சறுக்குகிறார்.

இந்த ஒரு சறுக்கலுக்காக மட்டும் ஒரு குறுங்காணொலி செய்யலாம். கோடிட்ட தாளில் பேனாவால் ஒரே ஒரு கணக்கைப் போட்டு, கையும் தாளும் தெரியுமாறு கைபேசியை மேலே பொருத்தி எடுத்தால் போதும். அதன்பின் நான்கைந்து வினாக்கள் கொண்ட ஒரு சிறுதேர்வு. அதில் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவருக்கு 'தவறு' என்று மட்டும் காட்டாமல், அவர் எந்த இருப்பிலிருந்து தொடங்கியதாக எண்ணிக்கொண்டார் என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். மூடில் என்ற கற்றல் தளத்தில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாக இப்படி எழுதலாம், கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு வினாவின் தவறான விடைகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே விளக்கம்தான் எழுத முடியும். விளக்கம் வீட்டுக்குப் போய்விட்டதால் வகுப்பு நேரம் முழுவதும் கணக்குப் போடுவதற்குக் கிடைக்கும். கலப்பு முறை என்பதன் பயனை ஆசிரியர் அங்கேதான் கண்ணால் காண்பார்.

காணொலி பற்றி ஒன்று சேர்க்கிறேன். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் பதிவான ஏறத்தாழ 69 லட்சம் காணொலி அமர்வுகளை ஆராய்ந்து குவோ, கிம், ரூபின் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆறு நிமிடத்துக்குட்பட்ட காணொலிகளையே மாணவர்கள் மிக ஈடுபாட்டுடன் பார்த்தனர் என்று காட்டினார்கள். அதே கட்டுரையின் இன்னொரு முடிவை நம்மவர்கள் கவனிப்பதில்லை. வகுப்பறையில் எடுத்த நீண்ட விரிவுரையைத் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டால் அந்த ஈடுபாடு கிடைப்பதில்லை. ஆகவே மழைக்கால வகுப்பைப் பதிவுசெய்து நறுக்கிப் போடுவது நேர மிச்சமாகத் தோன்றினாலும் பலன் குறைவு.

குழித்துறை இயற்பியல் எழுதியது:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 'கலப்பு முறை' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, வீட்டில் ஒரு பகுதியும் வகுப்பில் ஒரு பகுதியுமாகப் பாடத்தைப் பிரிப்பது. மற்றொன்று, பாதிப் பேர் வகுப்பறையிலும் பாதிப் பேர் கூகுள் மீட்டிலுமாக ஒரே நேரத்தில் நடத்துவது. இரண்டாவதைத் தக்க ஏற்பாடு இல்லாமல் எந்த ஆசிரியர் மீதும் சுமத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்த ஹைஃபிளெக்ஸ் என்ற வடிவத்தை சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி வளர்த்தெடுத்தபோது, நேரில் வருவதா, இணையத்தில் சேர்வதா என்பதை மாணவரே தெரிவு செய்யலாம், எந்த வழியில் வந்தாலும் கற்றல் விளைவு இணையாக இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகளாக இருந்தன. நம் வகுப்பறைகளில் அந்த இணைநிலை முதலில் உடைவது ஒலியில்தான். மின்விசிறிகள் சுழலும், தகரக் கூரையில் மழை அறையும் அறையில், மேசைமேல் வைத்த மடிக்கணினியின் மைக் ஆசிரியரின் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். ஆசிரியருக்குக் காலர் மைக் கொடுத்தால் அவர் குரல் தெளிவாகிவிடும், ஆனால் மூன்றாம் வரிசை மாணவி கேட்கும் கேள்வி வீட்டில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. எனவே வகுப்பில் எழும் ஒவ்வொரு கேள்வியையும் ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டே விடை கூற வேண்டும். இதைப் பழக்கமாக்குவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை, ஆனால் யாராவது பின்வரிசையில் இருந்து நினைவூட்டாமல் பழக்கமாகாது. அரட்டைப் பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பை முறைவைத்து ஒரு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். வகுப்பறையிலிருந்தே கைபேசியில் இணைப்பில் சேர்ந்திருப்பவர்கள் மைக்கையும் ஒலிபெருக்கியையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பும் ஊளைச் சத்தத்தில் வகுப்பின் முதல் கால் மணி நேரம் போய்விடும்.

மழை விடுமுறை நாள்களுக்கு நேரலை வகுப்பே வேண்டாம் என்பது என் கருத்து. காற்று பலமானால் மின்சாரம் நிற்கும், மலையோரத்தில் சிக்னல் ஒரு கோடாகிவிடும், பல வீடுகளில் இரு பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி. 32 கேபிபிஎஸ் அளவில் பதிவுசெய்த பத்து நிமிடக் குரல் விளக்கம் ஏறத்தாழ 2.4 எம்.பி. மட்டுமே இருக்கும். அதனுடன் எண்ணிட்ட இரண்டு பக்கக் குறிப்பை அனுப்பி, 'இப்போது இரண்டாம் படத்தைப் பாருங்கள்' என்று குரலிலேயே வழிநடத்தினால், சிக்னல் வந்த நேரத்தில் இறக்கிக்கொண்டு மின்சாரம் இல்லாதபோதும் படிக்கலாம். ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதென்றால் இந்தக் குரல் விளக்கத்தை எழுதிப் பேசும் பயிற்சியைக் கொடுங்கள்.

வேளிமலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்வது எங்களுக்கு ஒத்துவரும். மூத்த பேராசிரியர்களை எப்படி அணுகுவது என்பதில்தான் தயக்கம். வகுப்பைப் பார்வையிட ஒருவர் வருகிறார் என்றாலே அறிக்கை எழுத வருகிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்வதற்குக் காரணங்களும் உண்டு.

தோவாளைத் தமிழ் எழுதியது:

ஐயா, அந்தத் தயக்கத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ள முறை அது. பருவத்தின் நடுவில், ஆசிரியரே விரும்பி அழைத்தால் மட்டும், வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் வகுப்புக்கு வருகிறார். ஆசிரியர் வெளியே போய்விடுகிறார். மாணவர்கள் சிறுகுழுக்களாகக் கூடி, இந்தப் பாடத்தில் நாம் கற்க உதவுவது எது, தடையாக இருப்பது எது, எதை எப்படி மாற்றலாம் என்று பேசி, பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். வந்தவர் அவற்றைத் தொகுத்து ஆசிரியரிடம் மட்டும் சொல்கிறார். முதல்வருக்கோ, ஐ.க்யூ.ஏ.சி. கோப்புக்கோ, கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கோ அந்தத் தாள் போகக்கூடாது. ஒருமுறை போய்விட்டால் அடுத்த பருவத்தில் யாரும் அழைக்க மாட்டார்கள். மேம்பட்டதா என்று நீங்கள் கேட்டதற்கும் இதில் ஓரளவு விடை உண்டு, ஏனெனில் பருவம் முடிந்தபின் வரும் மதிப்பீடு அந்த மாணவர்களுக்குப் பயன்படுவதில்லை.

மூத்தவர்களின் கரும்பலகைத் திறனைக் குறையாகப் பார்க்காதீர்கள். யாப்பிலக்கணம் நடத்தும்போது சீரைப் பிரித்து அசை குறித்துக் காட்டும் எங்கள் பேராசிரியரின் கையெழுத்துக்கு ஈடாக எந்த பவர்பாயிண்டும் இல்லை. கோதையாற்றுக்கரை சொன்னதுபோல் கைபேசியை அந்தக் கையின்மேல் பொருத்தினாலே போதும்.

தமிழ்வழியில் கற்பிக்கும் துறைகளில் இன்னொரு வேலை இருக்கிறது, அதைப் பற்றி எந்தப் பயிலரங்கிலும் பேசுவதில்லை. பலருடைய பாடக்குறிப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பான் அதே குப்பையைத்தான் உரக்கப் படிக்கும். தேடினாலும் ஒரு சொல் கிடைக்காது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்தது 2010-இல். எழுத்துருமாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் எண்களையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தாக வேண்டும். இதற்குப் பயிற்சியைவிட உதவியாளர் ஒருவரே தேவை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் படிக்கும், அதை நூலகக் கணினி ஒன்றில் நிறுவி ஆசிரியர் தம் குறிப்பைத் தாமே ஒருமுறை காதால் கேட்கட்டும். விளவங்கோடு பக்கத்திலிருந்து மலையாளவழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கும், தமிழை மெல்லப் படிப்பதால், இந்த வாசிப்பு வசதி உதவுகிறது.

சுங்கான்கடை எழுதியது:

எல்லாம் நல்ல யோசனைகள். நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல். அதற்குமேல் தேர்வுப் பணி, நாக் கோப்புகள், மாணவர் சேர்க்கை, விழாக் குழுக்கள். அதே விதிமுறைகள் காணொலி, பாடக்குறிப்பு, கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கு கூறுகளும் கொண்ட ஒரு முழு மூக் பாடத்தை (அனைவருக்கும் திறந்த இணையப் பாடம்) உருவாக்கியவருக்குப் பணி உயர்வில் கணக்கிடப்படும் ஆய்வு மதிப்பெண்ணாக 20 தருகின்றன, ஆனால் தம் வகுப்பின் ஓர் அலகைச் செம்மையாக மாற்றியவருக்கு என்ன தருகின்றன? சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களின் நிலை இன்னும் மோசம். ஒரே கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறார்கள், பயிற்சி என்று வரும்போது விடுமுறை நாளில் வரச் சொல்கிறார்கள், பணி நிலையானதல்ல என்பதால் மறுக்கவும் முடிவதில்லை.

எனவே திட்டத்தின் முதல் பக்கத்திலேயே விடுவிப்பை எழுதுங்கள். ஓர் அலகை மாற்றியமைக்க ஒப்புக்கொள்ளும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் ஒரு குழுப் பொறுப்பிலிருந்தாவது விலக்கு அளிக்க வேண்டும், கூடிப்பேசும் நேரம் கால அட்டவணைக்குள்ளேயே இடம்பெற வேண்டும், சுயநிதி ஆசிரியருக்கு அதற்கான ஊதியம் தர வேண்டும். இவை இல்லாமல் தொடங்கினால் ஆர்வமுள்ள இருவர் இரவில் விழித்திருந்து செய்வார்கள், அடுத்த ஆண்டு அவர்களும் ஒதுங்கிவிடுவார்கள்.

கோதையாற்றுக்கரை எழுதியது:

சுங்கான்கடை சொல்வது சரி. எங்கள் மையத்தில் விலக்கு பெற்றவர்கள் தொடர்ந்தார்கள், பெறாதவர்களில் பெரும்பாலோர் பாதியில் நின்றார்கள். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். மதிப்பெண்ணை மையமாக வைத்தால் மீண்டும் சான்றிதழ் சேகரிப்புக்கே போய்ச் சேரும். நேரத்தைக் கொடுங்கள், அதுவே போதுமானது.

வேளிமலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதல்வரிடம் கொடுக்கவிருக்கும் வரைவில் பயிலரங்கை நீக்கிவிட்டேன். விரும்பி முன்வரும் ஆசிரியர்களிடமிருந்து தலா ஓர் அலகு, பருவத்தின் நடுவில் கோப்பில் சேராத மாணவர் கருத்து, மழை நாள்களுக்குக் குரல் விளக்கம், எழுத்துரு மாற்றத்துக்கு நூலகத்தில் பகுதிநேர உதவியாளர் ஒருவர் என்று எழுதியிருக்கிறேன். ஒரே நேர இருமுனை வகுப்பை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. குழுப் பொறுப்பு விலக்குக்கு அலுவலகம் முன்மாதிரி கேட்கும் என்று தோன்றுகிறது. கோதையாற்றுக்கரை, உங்கள் மையத்தில் அத்தகைய ஆணை எந்த வாசகத்தில் வழங்கப்படுகிறது என்பதைப் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே பதிவிட இயலுமா? சுயநிதி ஆசிரியர்களுக்கான மதிப்பூதியம் எந்தத் தலைப்பில் செலவிடப்படுகிறது என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் நிதிக்குழுக் கூட்டத்துக்கு முன் அந்தப் பத்தியை எழுதி முடித்துவிடுவேன்.