மெத்தில் அசிட்டேட் நீராற்பகுப்பு: கே (வினைவேக மாறிலி) மதிப்பு ஏறிக்கிட்டே போகுதுங்க

கோபி_கெமிஸ்ட்ரி:
0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி., எஸ்டர் 5 மி.லி. லேப் வெப்பநிலை 31 டிகிரி. ஒவ்வொரு தடவையும் 2 மி.லி. எடுத்து, ஐஸ் தண்ணியில விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடுல டைட்ரேஷன். எஸ்டர் பிரிஞ்சு அசிட்டிக் அமிலம் வர்றதால காரச் செலவு ஏறும்: தொடக்கத்துல 9.6 மி.லி., 10 நிமிசத்துல 10.2, 60-ல 12.9, 90-ல 14.1. மீதிக் கலவையைக் கோனிக்கல் பிளாஸ்க்கோட 60 டிகிரி வாட்டர் பாத்துல ஒரு மணி நேரம் வெச்சு எடுத்த முடிவிலி அளவு (வினை முழுசா முடிஞ்சதும் வர்ற அளவு) 17.0. கே முறையே 0.0085, 0.0098, 0.0104 வருது. முதல் வகை வினைன்னா (வேகம் மீதி எஸ்டரோட அளவுக்கு நேர்விகிதம்) கே மாறாம இருக்கோணுமில்லீங்க?

நொய்யல்கரை:
முடிவிலி அளவுதான் தப்புங்க தம்பி. மெத்தில் அசிட்டேட் 57 டிகிரியிலயே கொதிச்சிரும். வாய் திறந்த பிளாஸ்க்குல 60 டிகிரின்னா, வினை முடியறதுக்குள்ள பாதி எஸ்டர் ஆவியாப் போயிருக்கும்.

கணக்குப் போட்டாலே பிடிபடும். 5 மி.லி. எஸ்டர் ஏறக்குறைய 4.67 கிராம், அதாவது 0.063 மோல். 105 மி.லி.யில இருக்கறதால 2 மி.லி.க்கு 1.2 மில்லிமோல். அதுக்கு 12 மி.லி. காரம் வேணும். 9.6-ஓட சேத்தா 21.6. சமநிலையில கொஞ்சம் எஸ்டர் மிஞ்சும், அதனால 21-ஐ ஒட்டி வந்திருக்கோணும். முடிவிலி அளவு குறைஞ்சா, நேரம் போகப்போக கே ஏறும், கூடினா இறங்கும். தொடக்க அளவுல பிசகுனா முதல் ஒண்ணு ரெண்டு புள்ளிதான் ஆடும், லாக் வரைபடத்தோட (முடிவிலி அளவுல இருந்து அந்தந்த நேர அளவைக் கழிச்சு, அதோட லாக்கை நேரத்துக்கு எதிரா வரையறது) சாய்வு மாறாது. அதனால சூத்திரத்துல போடறதோட விட்டுராம வரைபடம் போடுங்க, எங்க பிசகுன்னு கோடே காட்டிக்குடுக்கும்.

பவானி_லேப்:
10 நிமிசப் புள்ளியை நம்ப வேண்டாமுங்க. வித்தியாசமே 0.6 மி.லி., பியூரெட்டுல 0.1 தப்பினா கே ஏறக்குறைய 17 சதவீதம் மாறிரும். 20 நிமிசத்துக்கு ஒருக்கா எடுங்க. பிப்பெட் பாதி இறங்கும்போது நேரத்தைக் குறிங்க.

ஐஸ் போர் தண்ணியில உறைய வெச்சதான்னும் பாருங்க. நம்ம பக்கத்துத் தண்ணியில பைகார்பனேட் அதிகம். அது அமிலத்தைத் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடை விடும். அந்த வாயு எவ்வளவு வெளியேறுதுங்கறது ஒவ்வொரு தடவையும் வேற, டைட்ரேஷன் முடிவைக் காட்டற பினாப்தலின் இளஞ்சிவப்பும் நிக்காது. வாலைவடி நீர்ல ஐஸ் வெக்கோணும்.

கோபி_கெமிஸ்ட்ரி:
21 போட்டுப் பார்த்தேனுங்க: 0.0054, 0.0057, 0.0056. ரெக்கார்டுல 21-ன்னே எழுதிரலாமுங்களா?

நொய்யல்கரை:
வேண்டாம் தம்பி. அது கணக்குல வந்தது, பியூரெட்டுல பார்த்ததில்லை. அதே அளவுல புதுசாக் கலந்து, இறுக்கமா ஸ்டாப்பர் போட்டு 24 மணி நேரம் லேப்லயே வெச்சிருங்க. உங்க வினையோட அரை ஆயுள் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அதனால 24 மணி நேரம் தாராளம். அவசரம்னா ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் (ஆவியைக் குளிர வெச்சு பிளாஸ்க்குக்கே திருப்பற குழாய்) மாட்டித்தான் சூடாக்கோணும். சோடியம் ஹைட்ராக்சைடையும் மூடி வையுங்க, மறுநாள் ஆக்சாலிக் அமிலத்தோட ஒருக்கா சரிபார்த்துட்டு டைட்ரேட் பண்ணுங்க.