மின்சாரம் இல்லாமல் இன்சுலினைக் காப்பது எப்படி?

வண்ணார்பேட்டையில், தாமிரபரணிக்கு அருகில் வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போய் அம்மாவின் இன்சுலின் வீணானது. இந்த ஐப்பசிக்கு முன்பே அவசரகாலப் பை தயார்: டார்ச், பவர் பேங்க், குளோரின் மாத்திரை, பொரிகடலை, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம். இன்சுலின்தான் இடிக்கிறது.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். காலிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு வைத்துப் பார்த்தேன், உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலினைக் கொட்டத்தான் வேண்டும். ஈரமணல் பானை கோடையில் குளிர்கிறது, அடைமழையின் ஈரக்காற்றில் அது பேருக்குத்தான் பானை. ஃபிளாஸ்க் ஒரு இரவுக்கு மேல் தாங்கவில்லை. மாடியில் அடைபட்டால் ஐஸ் வாங்கவும் போக முடியாது.

மூன்று நாள் மின்சாரமின்றிக் குப்பிகளை உறையவிடாமல் குளிர்ச்சியாக வைக்க, நீங்களே செய்து பார்த்துப் பலித்த வழி எது?