புதுப்பிப்பு: எபிரேய எழுத்தில் ஆங்கிலம்

போன இழையில், ஆங்கிலத்தை எபிரேய எழுத்தில் எழுதினால் படிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். உயிரெழுத்தே இல்லாத 22 எழுத்தில் எப்படி என்று பலர் மடக்கினீர்கள். இப்போது கொஞ்சம் எழுதிப் பார்த்துவிட்டேன்.

இஸ்ரேலில் கடைப் பலகைகளுக்கு எழுதும் முறைப்படி போனால் சிரமம்தான். ‘இ’ ஒலிக்கு யோத் என்ற எழுத்தைப் போட்டால் ‘பிட்’, ‘பீட்’ இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் இத்திஷ் வழிக்கு மாறினேன் (எபிரேய எழுத்தில் எழுதப்படும், ஐரோப்பிய யூதர்களின் மொழி அது). அதில் அயின் ‘எ’வுக்கு, அடியில் கோடு போட்ட அலெஃப் ‘அ’வுக்கு என்று உயிர்களுக்குத் தனி எழுத்தே உண்டு. 1897இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபார்வெர்ட்ஸ் போன்ற இத்திஷ் பத்திரிகைகளில் ஆங்கிலச் சொற்கள் தாராளமாக இப்படித்தான் புழங்கின. ஆனாலும் ‘பெட்’ (bet), ‘பேட்’ (bat) பிரியவில்லை, இத்திஷில் அந்த இரண்டாவது ஒலியே கிடையாது.

மெய்கள் பரவாயில்லை, அவற்றுக்கு இஸ்ரேல் முறையே போதும். ‘ஜ’வுக்கு கிமெல் பக்கத்தில் ஒரு சின்னக் கீற்று, ‘ச்ச’வுக்கு த்சாதி பக்கத்தில் அதே கீற்று. எனக்கு ரொம்பப் பிடித்தது ‘கெட்சப்’: சொல்லின் கடைசியில் பே (‘ப’, ‘ஃப’ இரண்டுக்கும் உள்ள எழுத்து) வந்தால் வால் நீண்ட வடிவம் வர வேண்டும், ஆனால் அதை ‘ஃப்’ என்றுதான் படிப்பார்கள், ஆகவே விதியை மீறி நடுவில் வரும் பேயையே கடைசியிலும் போடுகிறார்கள்.

அப்புறம், வலமிருந்து இடமாக எழுதும்போது நடுவில் எண் வந்தால் அது மட்டும் இடமிருந்து வலமாக ஓடும், என் கைப்பேசியில் கர்சர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.