கொலஸ்ட்ரால் வைரஸைத் தடுக்கிறதென்றால் மாத்திரை எதற்கு?

செக்காலைக்காரன்:
ஊர் வாட்ஸப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உடம்பே கொலஸ்ட்ராலை எடுத்து, வைரஸை உள்ளே விடாத ஒரு பொருளாக மாற்றிக்கொள்கிறதாம். அதனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை போட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமாம். பேசியவர் மிகைப்படுத்துகிறார், சரி. ஆனால் விஷயம் பொய்யில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி மாற்றுகிற நொதிக்கு சிஎச்25எச் என்று பெயர். அது உண்டாக்கும் 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் பலவகை வைரஸ்களைத் தடுக்கிறது என்று 2013-இல் ஆய்வு வந்திருக்கிறது. 2017-இல் ஜிகா, 2020-இல் கொரோனா. மூளை வறுவலைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு மாத்திரையை வைத்த டாக்டர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கல்பாசி:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வறுவலுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையைத் துணைக்குக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, நீங்கள் சொன்ன ஆய்வுகள் எல்லாம் உண்மை. அவற்றிலிருந்து வறுவலுக்கு எப்படிப் போனீர்கள் என்பதுதான் விளங்கவில்லை.

அந்த நொதி சாதாரண நாளில் பெரும்பாலான திசுக்களில் மிகக் குறைவாகத்தான் இருக்கும். வைரஸ் நுழைந்ததும் உயிரணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் செய்தியை வெளியிடும். அதைக் கேட்டுத்தான், முக்கியமாக மேக்ரோஃபேஜ் போன்ற காவல் அணுக்களில், நொதி உற்பத்தி ஏறும். நீங்கள் இரண்டு முட்டை கூடச் சாப்பிட்டதால் ஏறாது. நொதிக்கு வேண்டிய கொலஸ்ட்ரால் ஒவ்வொரு அணுவின் சவ்விலும் ஏற்கெனவே இருக்கிறது, போதாததை அணுவே தயாரித்துக்கொள்ளும்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். உறையுள்ள வைரஸ் உள்ளே போக வேண்டுமானால் அதன் உறை நம் அணுச்சவ்வோடு ஒட்டி இணைய வேண்டும். சவ்வில் எளிதாக எட்டக்கூடிய கொலஸ்ட்ரால் இருந்தால்தான் கொரோனா போன்றவற்றுக்கு அது நடக்கும். 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் அந்தக் கொலஸ்ட்ராலைச் சவ்விலிருந்து இழுத்து, கொழுப்புத் துளிகளாக அணுவுக்குள் ஒதுக்கி வைக்கச் செய்கிறது. புதிதாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதையும் நிறுத்திவிடுகிறது. திருடன் வருகிறான் என்று தெரிந்ததும் சுவரில் சாய்த்திருந்த ஏணியை உள்ளே எடுத்து வைக்கிற வேலை அது. உங்கள் குரல் பதிவுக்காரர் இன்னும் நான்கு ஏணி வாங்கி வந்து சாய்க்கச் சொல்கிறார்.

செக்காலைக்காரன்:
அப்படிப் பார்த்தால், கொலஸ்ட்ரால் தயாரிப்பை நிறுத்துகிற ஸ்டாடினும் வைரஸைத் தடுக்க வேண்டுமே ஆச்சி! கொரோனா காலத்தில் ஏன் அதை எல்லோருக்கும் கொடுக்கவில்லை?

தேவகோட்டை மாப்பிள்ளை:
கொடுத்துப் பார்த்தார்கள். ஈரானில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு அடோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. தெளிவான பலன் எதுவும் நிறுவப்படவில்லை. ஸ்டாடின் முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்து ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. நொதி செய்வது, தொற்று நடக்கும் இடத்தில், சில மணி நேரத்தில், சவ்வு மட்டத்தில். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் ஸ்டாடினைத் திட்டுபவரும் தோற்பார், புகழ்பவரும் தோற்பார்.

ஆனால் ஆச்சி, நீங்களும் அந்த நொதியை ரொம்பத்தான் தூக்கி வைக்கிறீர்கள். 2014-இல் எலிகளுக்கு இன்ஃப்ளூயன்ஸா கொடுத்துப் பார்த்த ஆய்வில், இந்த நொதி இல்லாத எலிகள்தான் குறைவாக அவதிப்பட்டன. நொதி இருந்தவற்றில் அழற்சி கூடுதல். வைரஸைவிட அழற்சிதான் நுரையீரலைக் கெடுக்கிற நோய்களில் இந்த நொதியை உதவி என்பதா, உபத்திரவம் என்பதா?

பள்ளத்தூர் ஆச்சி:
அதே 2014-இல் வந்த இன்னோர் ஆய்வை விட்டுவிட்டீர்களே. அதில் நொதி இல்லாத எலிகளில் இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் பொருள் கட்டுமீறி ஏறியது. கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிகிற செப்டிக் அதிர்ச்சியில் அவைதான் அதிகம் துன்பப்பட்டன. அங்கே இந்த நொதி அழற்சிக்குக் கடிவாளம்.

தேவகோட்டை மாப்பிள்ளை:
விடவில்லை ஆச்சி, அதற்குத்தான் வருகிறேன். அந்த எலிகள் பாக்டீரியாவை நன்றாகவே கட்டுப்படுத்தின, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பொருள் ஒரு நோயில் அழற்சியை ஏற்றுகிறது, இன்னொன்றில் இறக்குகிறது. குடலையும் மூக்கையும் காக்கும் ஐஜிஏ எதிர்ப்பான் உற்பத்தியை 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் குறைக்கிறது என்று 2009-லேயே எலியில் காட்டிவிட்டார்கள். இதை ஏற்றினால் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. எலியில் பார்த்தது எல்லா மனித அணுக்களிலும் அப்படியே நடப்பதுமில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
பொத்தாம்பொதுவாக நான் எங்கே சொன்னேன்? வைரஸ் நுழைகிற அந்த ஆரம்ப நேரத்தில் இது காவல் என்றேன். அதில் இன்னும் உறுதியாகவே இருக்கிறேன். ஜிகாவில் எலியோடு குரங்கிலும் பலன் தெரிந்தது. நோய் முற்றி நுரையீரல் கொதிக்கும்போது கணக்கு மாறும் என்றால், அது எந்த நேரத்தில் கொடுப்பது என்ற கேள்வி. நொதியின் குற்றமில்லை.

செக்காலைக்காரன்:
அப்போது 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலையே மாத்திரையாக்கி ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டியதுதானே?

தேவகோட்டை மாப்பிள்ளை:
அது, அணுவில் கொழுப்புத் தயாரிப்பை முடுக்கிவிடுகிற எல்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியையும் தூண்டும். அதை வலுவாகத் தூண்டும் மருந்துகளைச் சோதித்தபோது கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ஏறியது. உங்கள் பரிசோதனைச் சீட்டில் டிரைகிளிசரைடு வரிசை எப்படி இருக்கிறது அண்ணே?

செக்காலைக்காரன்:
அதை விடுங்கள். மூளை வறுவலுக்கு வாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
வருகிறேன். ஒரு முட்டையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். சமைத்த ஆட்டு மூளையில் 100 கிராமுக்கு சுமார் 2,000. முட்டைக்கு நான் சண்டை போட மாட்டேன், நிறையப் பேருக்கு உணவுக் கொலஸ்ட்ரால் ரத்த அளவைப் பெரிதாக ஏற்றாது. ஆனால் மாரடைப்பு வந்து ஸ்டாடின் எடுப்பவர், குரல் பதிவைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினால் இந்த நொதி அவருடைய ரத்தக்குழாயைக் காக்க வராது. மேக்ரோஃபேஜுக்குள் கொழுப்புத் துளி சேர்வதும் ரத்தக்குழாய் அடைப்பில் ஒரு படி என்பதை மறக்க வேண்டாம்.

கல்பாசி:
ஆச்சி, மூளைக்குப் பதில் காடை?

பள்ளத்தூர் ஆச்சி:
காடை சாப்பிடு. எண்ணெயை மட்டும் உங்கள் மெஸ் ஊற்றுகிற மாதிரி ஊற்றாதே.

செக்காலைக்காரன்:
மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். இந்த இழையை அந்தக் குழுவிலும் போடுகிறேன். ஆனால் தேவகோட்டைக்காரர் சொன்ன இன்ஃப்ளூயன்ஸா எலி விஷயத்துக்கு ஆச்சி இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.