ஈமச்சடங்கிற்கு இப்போதே பணம் கட்டிவைக்கலாமா?

சுங்கை சிப்புட் தாத்தா:
எனக்கு 67 வயது. நான் இங்கே மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்தில் மாதம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) மரண சகாய நிதிக்குக் கொடுப்போம். யாராவது இறந்தால் தொழிலாளர் குடியிருப்பான லயமே திரண்டு பந்தல் போட்டுப் பாடையும் கட்டிவிடும். இன்று பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஷா ஆலமிலும் இருப்பதால், பெட்டி முதல் மின்சுடலை வரை எல்லாவற்றிற்கும் தவணையில் பணம் கட்டச் சொல்லும் நிறுவனம் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தகுமா?

பழைய லயத்துக்காரன்:
ஐயா, என் மாமாவும் அப்படிக் கட்டியிருந்தார். அவர் இறந்த அன்று, பெட்டியும் வண்டியும் மட்டுமே கட்டிய பணத்தில் சேரும், சடங்கு செய்யும் பண்டாரத்திற்கும் பறைக்கும் தனிக்கட்டணம் என்றார்கள். ரசீது இரும்புப் பெட்டிக்குள் இருந்தது; அதன் சாவியோ அவருடைய அரைஞாணில் தொங்கியது. குளிப்பாட்டும்போதுதான் கண்டெடுத்தோம்! ஆகவே, கட்டும் பணத்தில் எவையெவை சேரும், நிறுவனம் மூடப்பட்டால் பணம் என்னாகும் என்பவற்றை எழுத்தில் வாங்கி, நகலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

தைப்பிங் அக்கா:
உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து, நீங்கள் இறந்தபின் பிள்ளைகள் உடனே பணம் எடுக்க முடியாது. பதினாறாம் நாள் காரியச் செலவை மகளிடம் முன்பே ஒப்படைப்பது நல்லது. ஊழியர் சேமநிதி வாரியத்தில் (EPF) உங்கள் சேமிப்புக்கான வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் அடக்க அனுமதி பெற வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கே அரைநாள் போயிற்று.

சுங்கை சிப்புட் தாத்தா:
நன்றி. பறை கட்டாயம் வேண்டும்; அதையும் எழுதச் சொல்கிறேன்.