முன் ஆக்சில் மாற்றம்: மலைச் சாலைக்கு எந்த ஆர்ம்?

கோத்தகிரியிலிருந்து:
2010இல் வந்த மஹிந்திரா தார் மாடலின் முன்பக்க டார்ஷன் பார் (முறுகும் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும்) அமைப்பைக் கழற்றிவிட்டு, எம்.எம். 540 ஜீப்பின் ஆக்சிலைக் காயில் ஸ்பிரிங்குடன் பொருத்தினோம். பட்டறையில் எல்லோரும் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கும் என்பதையே பேசினார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். ஊட்டிக்கு அருகே கல்லட்டி மலைச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் என் கேள்வி.

இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னே சாய்கிறது. ஹவுசிங்கின் (ஆக்சிலின் வெளிக்கூடு) மேற்பகுதி முன்னோக்கி உருளப் பார்க்கிறது. அதைத் தடுப்பவை ஆக்சிலைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் தண்டுகளான ஆர்ம்கள் மட்டுமே. ஆக்சிலில் மேல் ஆர்முக்கும் கீழ் ஆர்முக்கும் இடைவெளி குறைந்தால் புஷ் (ஆர்ம் முனையிலுள்ள நெகிழும் உறை) மீது விழும் விசை பெருகும். புஷ் நசுங்கினால் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தளரும். டயர் உயரத்தில் கால் பங்காவது இடைவெளி விடுவது நல்லது.

எஞ்சின் இடம் தராததால் மேலே ஒரே ஆர்ம், கீழே இரண்டு. அந்த ஒற்றை ஆர்ம் முறுக்கு முழுவதையும் தாங்குவதால் அதன் பிராக்கெட்டில் நான் சிறிதும் சிக்கனம் பார்க்கவில்லை. கீழ் ஆர்ம்கள் இயன்றவரை நீளமாக, தரைக்கு இணையாக இருக்கட்டும். சேசிஸ் பக்கம் ரப்பர் புஷ்தான் வைத்தேன். ராடு எண்ட் ஜாயிண்ட் (உலோகக் குண்டு மூட்டு) சேற்றில் சீக்கிரம் தேய்ந்து சத்தம் போடும்.

மன்னவனூரிலிருந்து:
அண்ணா, இறக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் பூண்டும் முட்டைக்கோசும் ஏற்றி வரும் எங்கள் வண்டிக்கு ரேடியஸ் ஆர்மையே தேர்ந்தெடுத்தேன். ஜிம்னியிலும் லேண்ட் குரூசர் 80இலும் முன்பக்கம் அதுதான். பக்கத்துக்கு ஒரே ஆர்ம், அது ஆக்சிலை இரண்டு இடங்களில் பிடித்துக்கொள்ளும். ஜாயிண்ட் குறைவு, பழுதானாலும் ஊரிலேயே சரிசெய்யலாம்.

ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது இரண்டு ஆர்ம்களும் ஹவுசிங்கை எதிரெதிராக முறுக்கும். ரப்பர் நெகிழ்ந்தால்தான் பிழைப்பு. கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் அந்தச் சுமை பிராக்கெட்டின் வெல்டிங்குக்குப் போய்விடும். வண்டியை உயர்த்தினால் ஆர்மோடு ஹவுசிங்கும் திரும்பிக் கேஸ்டர் குறையும். சேசிஸ் பக்கப் பிராக்கெட்டைக் கீழிறக்கி அதைச் சரிசெய்தோம்.

கூடலூரிலிருந்து:
ஆர்ம் எதுவானாலும் பன்ஹார்ட் ராடும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். அண்ணா, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படியான மேல் ஆர்ம் போட்டால் கேஸ்டர் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கோத்தகிரியிலிருந்து:
பாதிதான் தீரும், தம்பி. ஹவுசிங்கைத் திருப்பிக் கேஸ்டரைக் கூட்டினால் பினியன் (ஆக்சிலுக்குள் சுழற்சியை வாங்கும் பல்சக்கரம்) கீழே சாய்ந்து, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டின் கோணம் கூடிவிடும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஹவுசிங் முனைகளை வெட்டித் திருப்பிப் பற்றவைப்பதுதான் வழி. இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆக்சிலை வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடு.