பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே நாலு பெட்டைக்கோழி: சத்தம் இல்லாமல் வளர்க்க முடியுமா? (குன்னூர்)

குன்னூர்சாரல்:

வணக்கங்க. குன்னூரில் சரிவில் இருக்கிற வீடு. பின்பக்கம் சரிவை வெட்டிச் சமமாக்கிய தட்டு ஒன்று, 14க்கு 9 அடியில், சும்மா கிடக்கிறது. முட்டைக்காக நாலு பெட்டை வைக்கலாம் என்று யோசனை. சேவல் கிடையாது.

சிக்கல் அக்கம்பக்கம்தான். தட்டுக்குப் பின்னால் 8 அடி உயரக் கருங்கல் தடுப்புச்சுவர், அதற்கு மேலே அடுத்த வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னல். கீழ்த்தட்டு வீட்டில் கைக்குழந்தை. ரெண்டு வீட்டிலும் முகம் சுளிக்கக் கூடாது.

சத்தம் குறைந்த ரகம் எது? விடிகாலைக் கத்தலை எப்படி அடக்குவது? கூண்டைச் சுவரை ஒட்டி வைப்பதா, தள்ளி வைப்பதா? டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு உள்ளே பல்பு போடணுமா?

கூண்டுக்காரர்_கோத்தகிரி:

சேவல் இல்லை என்றதுமே முக்கால் பங்கு பிரச்சினை தீர்ந்தது. சேவல் கூவினால் ஒரு மீட்டர் தள்ளி 90 டெசிபலைத் தாண்டும். பெட்டை முட்டை போட்டுவிட்டுக் கேறுவது 60, 70தான். ரெண்டு பேர் நின்று பேசுகிற அளவு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாக ஆக 6 டெசிபல் குறையும், ஆக 4 மீட்டரில் 12 போய்விடும். பகலில் அது யாருக்கும் உறைக்காது. உறைப்பது காலை ஆறு மணிக்கு.

கோழி காரணமில்லாமல் கத்தாது. விடிந்தும் அடைத்து வைத்திருப்பது, தீவனத்துக்குக் காத்திருப்பது, முட்டைப்பெட்டிக்கு வரிசை நிற்பது, பயம், தனிமை. இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

முதலில் வெளிச்சம். நம் பக்கம் சூரிய உதயம் ஜூனில் 6 மணியை ஒட்டி, ஜனவரிக் கடைசியில் 6.45ஐ ஒட்டி. அதற்கு இருபது நிமிடம் முன்பே வெளுத்துவிடும். கூண்டுக்குள் ஒரு கீற்று விழுந்தால் போதும், இறங்கி வந்து கதவடியில் நின்று கத்தும். உள்ளே இருட்டாக இருந்தால் 7 மணி வரை கட்டையை விட்டு அசையாது. அதனால் கூண்டுக்குக் காற்று வேண்டும், வெளிச்சம் கூடாது. கூரைக்குக் கீழே எதிரெதிர்ப் பக்கத்தில் ரெண்டு காற்றுத்துளை, ஒவ்வொன்றும் 18க்கு 6 அங்குலம். ஒவ்வொரு துளைக்கும் உள்பக்கம் 3 அங்குலம் தள்ளி ஒரு பலகை அடியுங்கள். துளையைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் பெரியதாக இருக்கணும். துளையைப் பார்த்த முகத்தில் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட். காற்று வளைந்து போய்விடும், வெளிச்சம் போகாது. சத்தமும் நேராக வெளியே வராது. இருட்டாக்குகிறேன் என்று துளையையே அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. மலை ஈரத்தில் அப்படிச் செய்தால் பத்தே நாளில் அம்மோனியா கண்ணைக் கரிக்கும், அடுத்து கோழிக்குச் சளி.

இடம்: சுவரடியில் வையுங்கள், ஆனால் ஒட்டி அல்ல. மேல் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் கூண்டுக் கூரை கண்ணில் படக்கூடாது, அதுதான் கணக்கு. கண்ணுக்கு மறைந்தால் சத்தமும் பெருமளவு மறையும். சுவர் விளிம்பு தடுக்கும். தட்டின் நடுவில் வைத்தால் சத்தம் நேராக ஜன்னலுக்கு ஏறும். சுவருக்கும் கூண்டுக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கருங்கல்லில் தண்ணீர் கசியும். நீர் வடியும் துளைகளை மறைத்தால் சுவருக்கே ஆபத்து. சுவரடியில் பள்ளமும் தோண்ட வேண்டாம். கதவு கீழ் வீட்டைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

கூண்டு 4க்கு 3 அடி, தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் வைத்து. முக்கால் அங்குல சில்வர் ஓக் பலகை போதும், இடுக்கு இல்லாமல் அடிக்கணும். சத்தத்தை நிறுத்துவது பலகையின் கனமும் இடுக்கு இல்லாததும்தான். சுவரை இரட்டையாக்கி நடுவில் பழைய சாக்கு, தெர்மாகோல் அடைப்பது வீண்வேலை. எலி குடியேறும், உண்ணி பெருகும், ராத்திரி உண்ணி கடித்தால் கோழி தூங்காமல் கூண்டையே உருட்டும். கூரைக்குத் தகர ஷீட் என்றால் அடியில் ஓர் அங்குல இடைவெளி விட்டு ஒரு பிளைவுட் கட்டாயம். இல்லாவிட்டால் மழைச்சத்தம் மத்தளம் மாதிரி, குளிரில் ஷீட்டின் அடியில் நீர் கோர்த்து முதுகில் சொட்டும்.

உட்காரும் கட்டை 2 அங்குல அகலம், ஓரம் மழுங்கலாக, ஒரு கோழிக்கு 9 அங்குல நீளம். நாலும் ஒரே மட்டத்தில் உட்காரணும். மேலொன்று கீழொன்றாக வைத்தால் உச்சிக் கட்டைக்குத் தினமும் சாயங்காலம் சண்டை.

முட்டைப்பெட்டி நாலு கோழிக்கு ஒன்று போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். முட்டைக்குப் போதும், சத்தத்துக்குப் போதாது. ரெண்டு வையுங்கள், நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 12 அங்குலம், முன்னால் பாதிக்குச் சாக்குத்திரை. ஒன்றே இருந்தால் ஒன்று உள்ளே, ரெண்டு வெளியே நின்று அரைமணி நேரம் ஒப்பாரி. இன்னொன்று: விடைக்கோழி முட்டைக்கு வரும் முதல் மூணு, நாலு வாரம்தான் கேறல் உச்சம். பிறகு தானாகத் தணியும். இதை முன்கூட்டியே ரெண்டு வீட்டிலும் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஊட்டி_கோழிவைத்தியம்:

கூண்டு பற்றி மேலே சொன்னது சரி. ரகத்துக்கு வருகிறேன்.

கின்னிக்கோழி பக்கமே போகாதீர்கள், காக்கா பறந்தாலும் ஊரைக் கூட்டும். வாத்தில் உரக்கக் கத்துவது பெட்டைதான், அதுவும் வேண்டாம். வெள்ளை லெகார்ன் நன்றாக முட்டையிடும். ஆனால் பதற்றக்காரி, கதவு சாத்தினாலே எகிறும். அசீல் பெட்டைகள் சின்ன இடத்தில் ஒன்றையொன்று விடாது. நாட்டுக்கோழி கெட்டி, ஆனால் 5 அடிச் சுவரைத் தாண்டும், ஆண்டில் சில தடவை அடைக்கு உட்காரும்.

உங்களுக்கு ஏற்றது கனமான, மந்தமான ரகம். ஆஸ்ட்ரலார்ப், ரோட் ஐலண்ட் ரெட் அல்லது அவற்றின் கலப்பு, ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்ரியா, வனராஜா. முட்டை எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் பிவி380. நாலையும் ஒரே வயதில், ஒரே நாளில் வாங்குங்கள். ஒற்றைக் கோழி துணை தேடிக் கத்திக்கொண்டே இருக்கும். பின்னால் ஒன்று செத்தால் புதிதாக ஒன்றை மட்டும் உள்ளே விடாதீர்கள். ரெண்டாக வாங்கி, நடுவில் வலை வைத்துப் பத்து நாள் பார்க்கவிட்டு அப்புறம் சேர்க்கணும்.

குஞ்சு வேண்டாம், 14 முதல் 16 வாரப் பெட்டை வாங்குங்கள். சந்தையில் சாயம் பூசி விற்கிற குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்த சேவல்கள். நாலு மாதம் கழித்து நாலும் கூவும். 14 வாரத்தில் இடுப்புக்கு மேல் சிறகு நீண்டு கூராகத் தொங்கினால் சேவல், உருண்டையாக முடிந்தால் பெட்டை. வெள்ளைக்கழிச்சலுக்கு எட்டு வாரத்தில் போடும் ஆர்2பி ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். போடவில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள், பிப்ரவரியில் இதற்கு முகாம் நடக்கும்.

பல்பு வேண்டாம். ஊட்டியில் உறைபனி விழும் காலையிலும் முழுச் சிறகு வந்த கோழி தாங்கும். அது தாங்காதது ஈரமும், உட்கார்ந்த உயரத்தில் அடிக்கும் காற்றும். ராத்திரி முழுக்கப் பல்பு எரிந்தால் தூங்காது, கத்தும், மரத்தூளில் தீப்பிடிக்கவும் வழி. டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், முட்டை கொஞ்சம் குறையும், விடுங்கள். முட்டையைக் கூட்டியே ஆகணும் என்றால் சிலர் காலை 4 மணிக்கு விளக்கு எரிய டைமர் வைப்பார்கள். உங்கள் இடத்தில் அது வினையை விலைக்கு வாங்குவது. அதற்குப் பதில் சாயங்காலம் விளக்குப் போட்டு வெளிச்சத்தை நீட்டுங்கள். அணைக்கும் முன் அரைமணி நேரம் மங்கலான விளக்கு ஒன்று எரியணும். திடீரென்று இருட்டானால் கட்டையில் ஏற முடியாமல் தரையில் தடுமாறும்.

ராத்திரி கூண்டிலிருந்து கர்கர் என்று மூச்சு கேட்டால் அது சளி நோய். தும்மல், மூக்கில் நீர், முகவீக்கம் இருக்கிறதா பார்த்து அதை மட்டும் தனியே பிரித்து மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். மீந்த மனுஷ மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

குன்னூர்சாரல்:

நன்றிங்க ரெண்டு பேருக்கும். காலையில் தீவனத்துக்குக் கத்துவதைத் தவிர்க்க ராத்திரியே தீவனத் தட்டை நிரப்பி வைத்துவிடலாமா? எவ்வளவு? கண்ணில் படாமல் இருந்தாலும் நாற்றம் மேல் வீட்டுக்குப் போகுமோ என்றும் ஒரு பயம்.

மேல்மலைத்தோட்டம்:

கூண்டுக்கு வெளியே கோழி உலாவும் வலையடைப்பில் ராத்திரி தீவனம் வைக்கவே கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி வீட்டு வாசல்வரை வருவது தெரிந்ததுதானே. தீவன வாசனைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பன்றி வந்தால் வலையையே கிளப்பும். நடுராத்திரியில் மரநாய் கூண்டைச் சுற்றினால் நாலு கோழியும் ஒரே குரலில் அலறும். முட்டைக் கேறலைவிடப் பத்து மடங்கு மோசம் அந்த அலறல். மூட்டையை மூடி இறுகும் தகர டப்பாவில் வையுங்கள்.

கோழிக்கு ஒரு நாளைக்கு 110, 120 கிராம் முட்டைக்கோழித் தீவனம், நாலுக்கு அரைக் கிலோ. 50 கிலோ மூட்டை மலிவு என்று வாங்கினால் மூணு மாதத்துக்கு மேல் கிடக்கும், மூடுபனி மாதங்களில் பூசணம் பிடிக்கும். பூசணத் தீவனம் ஈரலைக் கெடுக்கும். பத்து, பதினைந்து கிலோவாக வாங்குங்கள். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில். பகலில் சலிப்பில் கத்தாமல் இருக்க ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டி ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள், ரெண்டு நாள் அதிலேயே ஓடும். பச்சை ஏறின உருளைக்கிழங்குத் தோல் வேண்டாம். பட்டர் ஃப்ரூட் மரம் மேலே இருந்தால் கூண்டை நகர்த்துங்கள். அதன் இலை, தோல், கொட்டை எல்லாமே பறவைக்கு நஞ்சு.

நாற்றத்துக்கு வருகிறேன். கேறலைப் பொறுத்துக்கொள்கிற பக்கத்து வீடுகூட ஈயைப் பொறுக்காது. நாலு கோழி நாளைக்கு அரைக் கிலோ எச்சம் போடும், அதில் பாதி ராத்திரி கட்டைக்குக் கீழே விழும். கட்டைக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்துத் தினமும் காலையில் சுரண்டி எடுங்கள், அஞ்சு நிமிட வேலை. மூடி போட்ட பக்கெட்டில் அதைப் போல ரெண்டு மடங்கு காய்ந்த சருகோடு கலந்து போடுங்கள். கேரட் பாத்திக்கு நேரடியாகப் போடாமல் மூணு மாதமாவது மக்கவிடணும். தரையில் உமி அல்லது மரச்சீவல் 4 அங்குலம். நைஸ் மரத்தூள் வேண்டாம், தூசி மூச்சுக்கு ஆகாது. நாற்றம் வந்தால் ஈர மெத்தையில் சுண்ணாம்பைத் தூவுவார்கள். அந்தக் காரத்தில் அம்மோனியா இன்னும் கிளம்பும். ஈரமானதை அள்ளிப் புதுசு போடுவது ஒன்றே வழி. வலையடைப்புக்கும் முழுசாகக் கூரை போட்டுவிடுங்கள். மண் சேறானால் மற்றதெல்லாம் வீண்.

குரங்கை மறக்காதீங்க. வெறும் கொண்டித் தாழ்ப்பாளைப் பார்த்தே திறந்து பழகிவிடும். தாழ்ப்பாளுக்கு ஒரு பூட்டு, வலையடைப்புக்கு மேலேயும் வலை.

கூண்டுக்காரர்_கோத்தகிரி:

மேல்மலை சொல்வது சரி, வலையடைப்பில் வைக்கக் கூடாது. கூண்டுக்கு உள்ளே வைக்கலாம். நாலுக்கும் சேர்த்து 150 கிராம், தொங்கும் டப்பாவில், இருட்டிய பிறகு. கோழி இருட்டில் தின்னாது. காலையில் கட்டையை விட்டு இறங்கியதும் அதில் மும்முரமாகிவிடும், நீங்கள் 7.15க்குத் திறக்கும்வரை தாங்கும். மீதியைத் திறந்து பத்து நிமிடம் கழித்துக் கொடுங்கள். கதவைத் திறந்த கையோடு தீவனம் போட்டுப் பழக்கினால் உங்கள் சமையலறைக் கதவுச் சத்தத்துக்கே கத்த ஆரம்பிக்கும். இதற்கு ஒரு நிபந்தனை, கூண்டு எலி நுழையாமல் இருக்கணும். எல்லாத் துளைக்கும் அரை அங்குல வெல்டுமெஷ் (பற்றவைத்த சதுரக் கம்பிவலை). அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், மரநாயை வெளியே வைக்காது.

வலையடைப்பைச் சுற்றி வலையைப் புதைக்கப் பள்ளம் வெட்டாமல், வெளிப்பக்கம் ஒன்றரை அடி தரையோடு விரித்து மேலே கல் பரப்புங்கள். தோண்டி வருகிற கீரி விளிம்பில்தான் தோண்டும், வலை தட்டினதும் விட்டுவிடும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும், எதற்கும் நகராட்சி சுகாதாரப் பிரிவிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பலகை வாங்குங்கள்.

ஊட்டி_கோழிவைத்தியம்:

ஒன்று விட்டுப்போச்சு. சேவல் இல்லாத கூட்டத்தில் மூத்த பெட்டை ஒன்று எப்போதாவது கூவும். "பெட்டைக்கோழி கூவியா விடியப்போகுது" என்பார்கள், நிஜமாகவே கூவும். அபசகுனம் எதுவும் இல்லை. அதட்டி நிற்கும் தலைமைக் கோழியாக இருக்கலாம், சினைப்பை கெட்டதாகவும் இருக்கலாம். முட்டை நின்று, கொண்டை பெரிதாகி, கூவவும் செய்தால் ரெண்டாவது காரணம். அந்த ஒன்றை மட்டும் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள், மற்ற மூணும் பழையபடி இருக்கும்.